எண்பதுகள்ல வந்த சின்ன பிக்கப்: அலுங்காம மிஞ்சின வண்டிக்கு ஏன் இவ்ளோ மவுசு

சிவப்பு கலர் 1985 டொயோட்டா பிக்கப் ஒண்ணு, கடைசி வரைக்கும் ஒரே ஓனர் கையில இருந்தது, அதோட பானட்ல துளி பாலிஷ் வச்சு வெள்ளைத் துணியால தேய்ச்சாங்க, துணி முழுக்க சிவப்பாயிடுச்சு. தெரியாதவங்க பாத்தா பதறிடுவாங்க, ஐயோ பெயிண்ட் போகுதேன்னு. ஆனா அந்த சிவப்புதான் நல்ல சேதி. அந்தக் காலத்து சாலிட் கலர் பெயிண்ட்ல நிறைய வண்டிக்கு மேல கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, கிடையாது, கலர்தான் மேல்தோலு, தேய்ச்சா கலரு துணிக்கு வரத்தான் செய்யும். பின்னாடி யாராவது ரீபெயிண்ட் அடிச்சிருந்தா பெரும்பாலும் கிளியர் கோட் போட்டிருப்பாங்க, துணி வெள்ளையாவே இருக்கும். வெயில்ல காஞ்சு சாக்பீஸ் தடவின மாதிரி வெளுத்துப் போயிருந்த அந்த பானட்டுக்கு அடியிலருந்து ஃபாக்டரியில அடிச்ச சிவப்பு மெல்ல மெல்ல மேல வந்ததைப் பக்கத்துல நின்னு பாத்தேன், அதுக்கப்புறம் இந்த வண்டிங்க மேல ஏன் ஜனங்க இப்படி பைத்தியமா இருக்காங்கன்னு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கல.

ஆனா பெயிண்ட் மட்டுமே காரணம் இல்ல, இதுக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருக்கு, அமெரிக்காவோட வரிச் சட்டம், பெட்ரோல் தட்டுப்பாடு, ஜப்பான் கம்பெனிங்களோட கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்த கதை. அதைப் புரிஞ்சுக்கிட்டாதான் புதுசுல ஆறாயிரம் டாலர் சுத்தி வித்த ஒரு மொட்டை வண்டிக்கு இன்னைக்கு, அதுவும் சுத்தமான ஃபோர் வீல் டிரைவா இருந்தா, 20,000 டாலருக்கு மேல ஏன் குடுக்குறாங்கன்னு புரியும். (விலைவாசி ஏறினதைக் கணக்குப் போட்டா 1985ல இருந்த 6,000 டாலர் இன்னைக்கு 17,000, 18,000 பக்கம் வரும், அதனால அந்த விலை கேக்குறப்ப தோணுற அளவுக்கு அநியாயம் இல்ல. 40 வருஷம் ஓடின வண்டி கிட்டத்தட்ட தன்னோட புது விலையவே பிடிச்சு நிக்குதுங்கிறதுதான் ஆச்சரியம்.)

மொட்டை வண்டின்னு சும்மா சொல்லல. அன்னைக்கு ஷோரூம்ல பேஸ் மாடல் பிக்கப் வாங்கினா என்ன கிடைக்கும்னு பாருங்க. ரெண்டு கதவு, ஒரு நீள பெஞ்ச் சீட்டு, கீழ ரப்பர் மேட், கையால சுத்துற கண்ணாடி, மேனுவல் கியர். ஏசி கேட்டா தனி காசு. ரேடியோவுக்கும் தனி காசு. பல வண்டியில வலது பக்கம் பின்னாடி வர்ற வண்டியைப் பாக்குற கண்ணாடிகூட ஆப்ஷன், இன்னும் கேளுங்க, நிறைய ஜப்பான் பிக்கப்புல பின்பக்க பம்பரே கிடையாது, டீலர்தான் தனியா வாங்கி மாட்டிக் குடுப்பாரு. அதனாலதான் ஒரே மாடல் வண்டி பத்து நின்னா பத்துலயும் பின் பம்பர் வேற வேற மாதிரி இருக்கும். நீளம் நாலரை மீட்டர் சுத்தி, டூ வீல் டிரைவா இருந்தா எடை 1,200 கிலோ சுத்தி, அதாவது ஒரு சாதாரண கார் சைஸுதான். ஆனா பின்னாடி ஆறடி நீளத்துக்கு பெட், அதாவது சாமான் ஏத்துற திறந்த தொட்டி, 500லருந்து 700 கிலோ வரைக்கும் தாராளமா ஏத்தலாம். பெட்டோட பக்கச் சுவர் இடுப்பு உயரம்தான், பக்கத்துல நின்னு கையை நீட்டினா உள்ள கிடக்குற சாமானை எடுத்துடலாம். இன்னைக்கு வர்ற பெரிய பிக்கப்புல இதையே செய்ய பம்பர்ல படி வச்சு ஏற வேண்டியிருக்கு. ஃபோர்டு எஃப்-150ல நாலு கதவு மாடல் 5.8 மீட்டரைத் தாண்டும், அதுக்கும் சின்ன பெட்தான் பல பேர் வாங்குறாங்க.

இப்போ அந்த வரிக் கதைக்கு வரேன், ஏன்னா இது இல்லாம அந்த வண்டிங்களோட ரூபமே புரியாது. 1960களோட ஆரம்பத்துல அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவுல மலிவா குவிஞ்சது, அங்க இருந்த நாடுங்க அது மேல வரி போட்டாங்க. பதிலடியா ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பர்ல நாலு பொருளுக்கு 25 சதவீத வரி போட்டாரு: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராண்டி, லைட் ட்ரக். அப்போ குறி வச்சது ஜெர்மனியோட ஃபோக்ஸ்வேகன் வேன், பிக்கப் மேலதான். காலப்போக்குல மத்த மூணையும் எடுத்துட்டாங்க, ட்ரக் வரி மட்டும் அப்படியே நின்னுடுச்சு, இன்னைக்கு வரைக்கும் இருக்கு. சிக்கன் டாக்ஸ்னு எல்லாரும் சொல்றது இதைத்தான்.

ஜப்பான் கம்பெனிங்க இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. முழு ட்ரக்கா கொண்டுவந்தாத்தானே 25 சதவீதம், பின்னாடி பெட் இல்லாம வெறும் கேபினும் சேஸிஸுமா கொண்டுவந்தா வரி 4 சதவீதம்தான். அப்படியே கப்பல்ல இறக்கிட்டு பெட்ட அமெரிக்காவுல மாட்டினாங்க. டொயோட்டாவுக்கு பெட் செய்யறதுக்குன்னே கலிஃபோர்னியாவுல லாங் பீச்ல ஒரு தொழிற்சாலை 1970கள்ல ஓட ஆரம்பிச்சது. அமெரிக்கக் கம்பெனிங்களும் இதே வழியிலதான் போனாங்க, ஃபோர்டு கூரியர்ங்கிறது மாஸ்டா செஞ்ச வண்டி, ஷெவர்லே லவ்ங்கிறது இசுசு செஞ்ச வண்டி, பேர்ப்பலகை மட்டும்தான் இவங்களோடது. 1980ல கஸ்டம்ஸ் இந்த ஓட்டையை அடைச்சு, பெட் இல்லாட்டியும் அது ட்ரக்தான் 25 சதவீதம் கட்டுன்னு சொல்லிட்டாங்க. சுபாரு பிராட்னு ஒரு குட்டி வண்டி, அதுல இன்னும் ஒரு படி மேல போய், திறந்த பெட்டுக்குள்ள பின்னாடி பாத்த மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் சீட்டை வச்சு இது பயணிகள் வண்டின்னு காட்டி கம்மி வரியில கொண்டுவந்தாங்க. ரொனால்ட் ரீகன் தன்னோட பண்ணையில வச்சிருந்ததும் ஒரு பிராட்தான்.

ஓட்டை அடைஞ்சதும் சின்ன பிக்கப் செத்துப்போயிருக்கணும், நடந்தது நேர்மாறு. ஏன்னா 1973லயும் 1979லயும் ரெண்டு தடவை பெட்ரோல் பங்க்ல க்யூ கட்டி நின்னு ஜனங்களுக்கு பெரிய வண்டியே வெறுத்துப் போயிருந்தது. ஃபோர்டு தன்னோட சொந்த ரேஞ்சரை 1982 ஜனவரியில லூயிவில்ல செய்ய ஆரம்பிச்சாங்க, ஷெவர்லே அதே சமயத்துல எஸ்-10 கொண்டுவந்தாங்க. நிஸ்ஸான் டென்னஸியில ஸ்மிர்னாங்கிற ஊர்ல தொழிற்சாலை கட்டினாங்க, 1983 ஜூன்ல அங்கிருந்து வெளிய வந்த முதல் வண்டியே ஒரு 720 பிக்கப்தான். வரியைத் தாண்டறதுக்கு உள்ள வந்தே செய்யறதுதான் நிரந்தர வழின்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. டொயோட்டா, மாஸ்டா, மிட்சுபிஷி, இசுசு எல்லாம் 25 சதவீதத்தையும் கட்டிட்டுக்கூட வித்தாங்க, வரி கட்டியும் மலிவா இருக்கணும்னா வண்டியில தேவையில்லாத எதுவும் இருக்கக் கூடாது, என்னைக் கேட்டா அந்த மொட்டைத்தனத்துக்குப் பாதிக் காரணம் இந்த வரிதான்.

1980லருந்து 1987 வரைக்கும் ஒரு அமெரிக்க வாடிக்கையாளர் கைநீட்டி எடுக்கறதுக்கு எத்தனை சின்ன பிக்கப் இருந்ததுன்னு நினைச்சா இன்னைக்கு ஏக்கமா இருக்கும். டொயோட்டா, நிஸ்ஸான் 720, அதுக்கப்புறம் வந்த ஹார்ட்பாடி, மாஸ்டா பி2000, பி2200, மிட்சுபிஷி மைட்டி மேக்ஸ், அதையே டாட்ஜ் பேர்ல ராம் 50, இசுசு பப், ரேஞ்சர், எஸ்-10, முன் சக்கரம் இழுக்கிற ஃபோக்ஸ்வேகன் ராபிட் பிக்கப், டாட்ஜ் ராம்பேஜ், 1986ல ஜீப் கொமான்சே. தோட்ட வேலைக்காரர், பெயிண்டர், காலேஜ் பசங்க, முதல் வண்டி வாங்குற சின்ன வயசுக்காரங்க, எல்லாருக்கும் கட்டுப்படியாகிற விலை. பசங்க அதை ஸ்பிரிங்கை வெட்டி தரையோட தாழ்த்தி, பெட்டைத் தூக்கி ஆட வச்சு மினி ட்ரக்னு ஒரு தனி உலகமே கலிஃபோர்னியாவுல உண்டாக்கினாங்க.

சரி, இஞ்சினுக்கு வருவோம், இந்த வண்டிங்க மேல இருக்குற பாசத்துல பெரும் பங்கு பானட்டுக்கு அடியிலதான் இருக்கு. திறந்தா தரை தெரியும். நிஜமாவே, இஞ்சினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவுல கீழ இருக்குற மண்ணைப் பாக்கலாம். டொயோட்டாவோட 22ஆர் இஞ்சின் 2,366 சிசி, நாலு சிலிண்டர், இரும்பு பிளாக், சக்தி நூறு குதிரை பக்கம்தான், ஏத்தத்துல லோடோட போனா பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிப்பாங்க. ஆனா ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஃபேன் பெல்ட் எல்லாம் நேரா கை போற இடத்துல. நாலு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்தா பாதி வேலையை வீட்டு வாசல்ல முடிச்சுடலாம். நிஸ்ஸான் 720ல வந்த இசட்24 இஞ்சினைத் திறந்தா முதல்ல குழம்பிப் போவீங்க, நாலு சிலிண்டர்தான், ஆனா எட்டு ஸ்பார்க் பிளக் இருக்கும், ஒரு சிலிண்டருக்கு ரெண்டு. புகை விதிகளுக்காக, பெட்ரோல் முழுசா எரியணும்னு அப்படி வச்சாங்க.

22ஆர் சாகவே சாகாதுன்னு ஒரு பேச்சு உண்டு, அதுல பாதி உண்மை. 1982 வரைக்கும் அதுல ரெட்டை வரிசை டைமிங் செயின் (இஞ்சின் வால்வுங்களை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி) இருந்தது, அதுக்கப்புறம் ஒத்தை வரிசை செயின் ஆக்கி, அது ஆடாம இருக்க பிளாஸ்டிக் கைடு வச்சாங்க. அந்த பிளாஸ்டிக் வருஷக்கணக்குல சூட்டுல வறண்டு ஒருநாள் உடைஞ்சு ஆயில் சம்ப்ல விழுந்துடும். அப்புறம் காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணா முதல் ரெண்டு மூணு செகண்ட் சங்கிலி தகரத்துல உரசுற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம் வரும், ஆயில் பிரஷர் ஏறினதும் அடங்கிடும். அடங்கிடுச்சேன்னு விட்டா செயின் கொஞ்சம் கொஞ்சமா டைமிங் கவரை அறுத்துக்கிட்டே போய், அந்தப் பக்கம் ஓடுற கூலன்ட் பாதையில ஓட்டை போட்டுடும், தண்ணி ஆயில்ல கலந்தா அப்புறம் பேரிங் போச்சு. இந்த வண்டியை வாங்க போறவங்க இஞ்சின் சூடாகாம இருக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும்னு சொல்றது இதனாலதான். ஓனர் முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஆனா பாருங்க, இவ்ளோ பெரிய கோளாறுக்கு வைத்தியம் என்ன, புது செயின், புது கைடு, பொறுமையா ஒரு வார இறுதி. கைடை இரும்புல செஞ்சே விக்கிறாங்க. எந்த இடத்துல கெடும், ஏன் கெடும், எப்படி சரி பண்ணணும்னு மொத்தமும் ஒரு மனுஷனோட தலைக்குள்ள அடங்குது, எனக்கு இந்த வண்டிங்ககிட்ட பிடிச்சதே இதுதான்.

ஃபோர் வீல் டிரைவ்ல இன்னொரு பிரிவினை இருக்கு. டொயோட்டா 1979லருந்து 1985 மாடல் வரைக்கும் முன்பக்கமும் சாலிட் ஆக்ஸில் வச்சாங்க, 1986ல தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாத்திட்டாங்க. ரோட்ல ஓட்ட புதுசுதான் சுகம், சந்தேகமே இல்ல. ஆனா பாறை மேல ஏறுறவங்களுக்கு அந்த ஒத்தை இரும்புத் தண்டுதான் வேணும், ஒரு சக்கரம் தூக்கினா இன்னொண்ணு கீழ அழுந்தும், உடையறதுக்கான பாகமும் கம்மி. அதனால 1985 ஃபோர் வீல் டிரைவ்னா அதுக்குத் தனி விலை, அதுலயும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த 22ஆர்இ இஞ்சின் இருந்தா கேக்கவே வேண்டாம், ரெண்டும் ஒண்ணா சேர்ந்தது அந்த ஒரே வருஷம்தான்.

அப்போ லட்சக்கணக்குல வித்த வண்டி ஏன் இன்னைக்கு அபூர்வமாச்சு? வேலைக்குப் பொறந்த வண்டி, வேலை செஞ்சே தேஞ்சு போச்சு, அவ்ளோதான் முக்கியக் காரணம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவங்க அதை மூடி வச்சாங்க, பிக்கப்பை யாரு மூடி வச்சா? செங்கல் ஏத்தினாங்க, உரம் ஏத்தினாங்க, மூணாவது ஓனர்கிட்ட போனப்போ ஆயில் மாத்தறதுகூட நின்னுபோச்சு. குளிர் மாநிலங்கள்ல ரோட்ல தூவுற உப்பு மீதியைத் தின்னுடுச்சு. அந்தக் கால ஜப்பான் தகடு மெலிசு, துருப்பிடிக்க ஆரம்பிச்சா நிக்காது, பெட்டோட முன் சுவர் சேர்ற இடம், கேபின் மூலை, சக்கர வளைவு, கடைசியா லீஃப் ஸ்பிரிங் மாட்டுற இடத்துல ஃப்ரேம். பெட்டைக் காப்பாத்த போட்ட பிளாஸ்டிக் லைனர்தான் நிறைய வண்டிய கொன்னுச்சு, அடியில தண்ணி தேங்கும், மணல் மாட்டிக்கும், வண்டி ஆடுறப்போ அந்த மணல் பெயிண்டை அரைச்சுக்கிட்டே இருக்கும், மேல பாத்தா பளபளன்னு இருக்கும், லைனரைத் தூக்கினா சல்லடை. கொஞ்சம் நல்லா இருந்தது நிறைய கப்பல் ஏறி மத்திய அமெரிக்கா பக்கம் போயிடுச்சு, அங்க இன்னும் உழைச்சுக்கிட்டிருக்கு. மிச்சமானது அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா மாதிரி வறண்ட ஊர்ல, வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போயிட்டு வந்த பெரியவங்க வீட்ல நின்ன வண்டிங்கதான்.

மிஞ்சினது கம்மி, சரி, புதுசா செய்யலாமேன்னு கேக்கலாம். செய்யல. 1985க்கு அப்புறம் யென் மதிப்பு ஏறி ஜப்பான் வண்டியோட விலை அனுகூலம் கரைஞ்சது. வாங்குறவங்களும் குடும்பத்தோட போக நாலு கதவு, ஏசி, சொகுசுன்னு கேட்டாங்க, கம்பெனிக்கும் பெரிய வண்டியிலதான் லாபம். அப்புறம் மைலேஜ் விதி மாறுச்சு, முன்ன எல்லா லைட் ட்ரக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே இலக்கு, அதை மாத்தி வண்டியோட நாலு சக்கரத்துக்கும் நடுவுல அடங்குற பரப்பளவை வச்சு இலக்கு நிர்ணயிச்சாங்க, பெரிய பரப்புக்கு இலக்கு லேசு, சின்னதுக்குக் கடுமை. சின்ன ட்ரக் செய்யறவன் கார் அளவுக்கு மைலேஜ் காட்டணும், அதைவிட வண்டியைப் பெருசாக்கறது சுலபம். வெளிநாட்டுல செய்யற சின்ன பிக்கப்பைக் கொண்டுவரலாம்னா கோழி வரி வாசல்லயே நிக்குது. எஸ்-10 2004ல முடிஞ்சது, பழைய ரேஞ்சர் 2011 டிசம்பர்ல மினசோட்டாவுல செயின்ட் பால் தொழிற்சாலையோட சேர்ந்து முடிஞ்சது. 2022 மாடலா ஃபோர்டு மேவரிக் வந்தப்போ ஜனங்க ஓடிப்போய் புக் பண்ணதைப் பாத்தா ஆசை செத்துப்போகலன்னு தெரியுது, ஆனா அதுவுமே நாலு கதவு, நாலரை அடி பெட், அஞ்சு மீட்டரைத் தாண்டுற நீளம்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. பாதுகாப்புல இந்த வண்டிங்க இன்னைக்கு இருக்குற எதுக்கும் பக்கத்துல நிக்க முடியாது. ஏர்பேக் கிடையாது, கதவு மெலிசு, பின் சக்கரத்துக்கு மட்டுமாவது ஏபிஎஸ் வந்ததே அந்தப் பத்து வருஷத்தோட கடைசியிலதான். பெட் காலியா இருக்கறப்போ மழையில பிரேக்கை அழுத்தினா பின்பக்கம் வழுக்கும், பின்னாடி எடையே இல்லாததால. மைலேஜுக்காக வாங்கறேன்னு யாராவது சொன்னா அதுவும் சரிப்படாது, லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் குடுத்தா பெரிய விஷயம், மேவரிக் ஹைப்ரிட் அதைவிட நல்லாவே குடுக்கும். தினம் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு ஹைவேல போக இது வேண்டாம்னு யார் கேட்டாலும் நான் சொல்லுவேன்.

நல்லா வச்சிருந்த வண்டியையும், பிரிச்சுப் புதுசா மாத்தின வண்டியையும் ஒண்ணா நினைக்காதீங்க. காசு இருந்தா எதையும் பளபளப்பாக்கலாம், பக்கவாட்டு ஸ்டிக்கர் கோடுகூட புதுசா அடிச்சு விக்கிறாங்க. ஆனா ஒரிஜினல் வண்டியிலதான் சாட்சி இருக்கும். பழைய ஒத்தைத் தகடு பெட்டா இருந்தா வெளிப்பக்கத்தை சாய்வா வெளிச்சம் படுற மாதிரி நின்னு பாருங்க, உள்ள தூக்கி எறிஞ்ச ஒவ்வொரு சாமானும் வெளிய ஒரு மொட்டு விட்டிருக்கும், மொட்டே இல்லாத பெட்டுன்னா அந்த வண்டி நிஜமாவே வேலை பாக்கல. (ஹார்ட்பாடியில இந்த சோதனை செல்லாது, அதுக்கு ரெட்டைத் தகடு, அந்தப் பேரே அதனாலதான்.) வெளிய கயிறு கட்டுற கொக்கி இருந்தா அதுக்கு அடியில பெயிண்ட் தேஞ்சிருக்கான்னு பாருங்க. டேஷ்போர்டு மேல்பக்கம் வெடிக்காம இருந்தா அது நிழல்ல நின்ன வண்டி.

ஓடோமீட்டரை மட்டும் நம்பிடாதீங்க. ரேஞ்சர் மாதிரி அந்தக் காலத்து நிறைய வண்டியில அஞ்சு இலக்கம்தான், 99,999 மைல் தாண்டினா மறுபடி பூஜ்யம், 42,000னு காட்டுறது 1,42,000மா இருக்கலாம், விக்கிறவருக்கே தெரியாமகூட இருக்கலாம். அதுக்கு பதிலா குனிஞ்சு கிளட்ச் பெடலோட ரப்பரைப் பாருங்க, அப்புறம் ஏறி இறங்குற பக்கம் சீட்டு விளிம்பை, கியர் நாப்ல நம்பர் தெரியுதான்னு பாருங்க. ரப்பர்ல வரி வரியா கோடு இன்னும் கூர்மையா இருந்து, சீட்டு விளிம்பு உட்காராம இருந்து, சாவி போடுற இடத்தைச் சுத்தி கீறல் கம்மியா இருந்தா, அப்புறம் ஒரு அட்டையை விரிச்சு டார்ச்சோட வண்டிக்கு அடியில படுத்து ஃப்ரேமைப் பாக்க ஆரம்பிக்கலாம்.